கோவா (முட்டைக்கோஸ்) விளையும் ஊருக்குக் கோவா வருகிறது

நம் ஊர் மாணவர் விடுதிக்கு மரக்கறி வழங்கும் கேள்விப்பத்திரம் (டெண்டர்) யாருக்குப் போனது என்று இதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மலைக்குக் கீழே மொத்தச் சந்தை இருக்கும் தம்புள்ளையின் வியாபாரி ஒருவருக்கு. நம் தோட்டத்துப் பெண்கள் குழு கிலோவுக்குச் சில ரூபா கூடக் கேட்டிருந்ததாம். "விலை குறைந்தவருக்குக் கொடுப்பதே நியாயம், சலுகை கேட்டு நிற்காதீர்கள்" என்று என் முந்தைய பதிவின் கீழே ஓர் அண்ணன் எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காகவே இதை எழுதுகிறேன்.

அண்ணா, நாங்கள் கேட்பது சலுகை அல்ல. கணக்கை முழுதாகப் போடுங்கள் என்கிறோம். நம் நுவரெலியாவில் பிடுங்கிய லீக்ஸ் கண்டி வழியாக ஏறத்தாழ 150 கிலோமீற்றர் இறங்கித் தம்புள்ளைக்குப் போகிறது. பிறகு அதே மலையேறி நம்மிடமே வருகிறது. வழியில் நசுங்குவதும் வாடுவதும் எந்த விலைப்பட்டியலில் இருக்கின்றன? நான் விடுதியில் தங்கிப் படித்தபோது, அழுகிய இலைகளை உரித்து எறிந்த பிறகு கோவா பாதிதான் மிஞ்சும். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்குப் பின்னால் அம்மா நட்ட கோவா வாங்க ஆளில்லாமல் வெடித்து நிற்கும். மாட்டுக்குப் போட்டிருக்கிறோம்.

உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை என்றால் வேண்டியவர்களுக்கே கொடுத்துவிடுவார்கள் என்கிறீர்கள். நடக்கலாம், கண்காணியுங்கள். தரம் குறையும் என்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. காலையில் பிடுங்கியதை மத்தியானம் கொண்டுவந்து இறக்குபவரிடமா தரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

உலகத்தில் இல்லாததையா கேட்டோம்? அரசு வாங்கும்போது உள்நாட்டுப் பொருளுக்கு முன்னுரிமை என்று அமெரிக்கா 1933இலேயே சட்டம் போட்டது. இந்தியாவில் சிறு நிறுவனமொன்று மிகக் குறைந்த விலையைவிட 15 சதவீதம் வரை கூடக் கேட்டிருந்தாலும், அந்த விலைக்கு இறங்கிவரச் சம்மதித்தால் அரசுக் கொள்வனவில் ஒரு பங்கு கிடைக்கும். எங்களிடம் "இறங்கி வருவீர்களா" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்போம்.

விலையை விடுங்கள். கேள்விப்பத்திரம் போட வங்கிப் பிணை, அதாவது நாங்கள் தவறினால் பணம் தருவதாக வங்கி தரும் உறுதி, வேண்டும் என்றார்கள். வங்கி காணி உறுதி கேட்டது. லயத்தில் இருப்பவர்களிடம் காணி உறுதி எங்கே இருக்கிறது? 1948இல் மலையகத் தமிழர்களான எங்கள் குடியுரிமையையே பறித்தார்கள். அதைத் திரும்ப வாங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. தலைமுறை தலைமுறையாகக் கொத்திய மண்ணில் ஒரு பேர்ச் நிலம்கூட எங்கள் பெயரில் இல்லை. இந்த நிலையில் நிற்பவர்களைப் பார்த்துத்தான் "சமமாகப் போட்டியிடுங்கள்" என்கிறீர்கள்.

கடைசியில் ஆறு பேர் நகையை அடகு வைத்துப் பிணையைப் பணமாகக் கட்டினார்கள். அதில் என் அம்மாவின் சங்கிலியும் ஒன்று. அந்த வட்டியையும் சேர்த்துக் கூட்டிவிட்டு, எது குறைந்த விலை என்று சொல்லுங்கள், அண்ணா.