மணிமேகலையை வெட்டியதால் காவிரி வற்றிவிடவில்லை

கும்பகோணத்தில் ஞாயிற்றுக்கிழமை நம் பிள்ளைகள் போட்ட 'பொன்னியின் செல்வன்' நாடகம் முடிந்ததும் நடந்த கூத்தை எல்லோரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். மேக்கப்கூடக் கலைக்காமல் நின்ற இயக்குநர் பையனிடம் மைக்கைப் பிடுங்கி, "பொன்னியின் செல்வனைக் கொன்னுட்டீங்களே" என்றார் ஒரு பெரியவர். நாவலில் வரும் மணிமேகலை என்ற பெண்ணையே வெட்டிவிட்டார்கள், இன்னும் என்னென்னவோ காணோம் என்று புகார். 'நறுக்கென்று கேட்டார்' என்று நேற்றிலிருந்து பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். சரி, எனக்கும் கொஞ்சம் பேச இருக்கிறது.

நாவல் வேறு, நாடகம் வேறு. கல்கி 1950 அக்டோபரில் ஆரம்பித்து 1954 மே வரை வாராவாரம் எழுதியது அது. ஐந்து பாகம், 300-க்குக் கொஞ்சம் குறைவான அத்தியாயங்கள். பையன்களுக்குக் கிடைத்ததோ இரண்டரை மணி நேரமும் ஒரு கல்யாண மண்டப மேடையும். வெட்டாமல் என்ன செய்வார்கள்?

வெட்டியதற்கு இத்தனை கணக்குப் பார்ப்பவர்கள், வைத்ததைப் பார்த்தீர்களா? குடந்தை ஜோதிடர் காட்சியில் இரண்டு பேர் கையில் பிடித்திருந்த ஒரு நிலைக்கதவுதான் வீடு. சீடன் குறுக்கே நிற்கிறான். வந்தியத்தேவன் அவனையும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து விழுகிறான். எதிரே இளவரசி குந்தவையும் அவள் தோழி வானதியும். வசனமே இல்லாமல் அப்படியே நின்றார்கள் பாருங்கள், மண்டபமே சிரித்தது. அதுதான் நாடகம். நாவல் தொடங்குகிற வீரநாராயண ஏரியைக் காணோம் என்கிறீர்கள். டேங்கர் லாரியிலா கொண்டுவர முடியும்?

எங்கள் அப்பாயி தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தது. சில பக்கங்களின் பின்னால் பாதி ஜோக்கும் தைல விளம்பரமும் இருக்கும். மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கும். வர்ணனை வந்தால் இரண்டு பக்கம் சேர்த்துப் புரட்டிவிடும். நந்தினி வந்தால் மட்டும் இல்லாததையும் சேர்த்துச் சொல்லும். நாங்கள் யாரும் மைக் பிடிக்கவில்லை.

'மணிமேகலை இல்லாமல் என்ன பொன்னியின் செல்வன்?' என்பீர்கள். எனக்கும் மணிமேகலை என்றால் உயிர், கடைசி அத்தியாயத்தில் அழுதவன்தான். ஆனால் அவளைக் கொண்டுவந்தால் அவள் அண்ணன் கந்தமாறன் வேண்டும், கடம்பூரில் இன்னும் நாலு காட்சி வேண்டும். பழுவேட்டரையரையா அனுப்பிவிடுவது?

வைஷ்ணவ ஒற்றன் ஆழ்வார்க்கடியான் சண்டை போடவே இல்லையாம். போட்டார். நீங்கள் போனில் இருந்தீர்கள்.

'அப்படியானால் வேறு பேர் வைக்கட்டுமே' என்று ஒரு நண்பர். தஞ்சாவூர்ப் பக்கத்து மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்திக்குப் பிரகலாத சரித்திரம் ஆடுகிறார்கள். பாகவதம் முழுவதையுமா ஆடுகிறார்கள்? ஒரு கதையை எடுத்து விடிய விடிய ஆடுகிறார்கள். பேர் பாகவத மேளாதான். அங்கே போய்க் கேளுங்களேன், 'மீதிப் பாகவதம் எங்கே' என்று.

2022-லும் 2023-லும் சினிமாவாக இரண்டு பாகம் வந்தபோதும் எத்தனையோ போனது. பாப்கார்னைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் எழுந்து நிற்கவில்லையே. எதிரே கையைக் கட்டிக்கொண்டு நிற்க ஒரு பையன் கிடைத்தால்தான் நமக்கு இலக்கிய ரோஷம் வரும் போல.

உண்மையில் எனக்கு வயிறு எரிவது வேறு. கல்கி மயிலாடுதுறைப் பக்கத்துப் புத்தமங்கலத்துக்காரர். கதை குடந்தை, பழையாறை, தஞ்சாவூர் என்று நம்மைச் சுற்றியே ஓடுகிறது. 1999-இல் இதைப் பெரிய நாடகமாகப் போட்டபோது நந்தனத்தில் போட்டார்கள், அதாவது சென்னையில். நம் ஊர்க் கதையைப் பார்க்க நாம் ராத்திரி பஸ் பிடிக்க வேண்டும். இப்போது நம் பிள்ளைகளே இங்கேயே போடுகிறார்கள். பொன்னியின் செல்வன் அருள்மொழியாக நடித்தவன் பகலில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து மண்டபம் பிடித்து, ஜெனரேட்டருக்குத் தனியாகக் காசு கட்டி, எரிகிற லைட்டுக்குக் கீழே ஜிகினா அங்கியில் வேர்த்து ஊற்றி நடித்தார்கள். பாதி நாற்காலி காலி. கேள்வி கேட்ட பெரியவர் வந்தது பாஸில். அந்த பாஸை வாங்கிக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும், அவரும் இதைப் படிப்பார்.

அடுத்து மன்னார்குடியில் போடுகிறார்கள். டிக்கெட் நூறு ரூபாய். பாஸ் கேட்டு எனக்கு மெசேஜ் போடாதீர்கள்.