டி-8 நாடுகளுக்கு ஒரே நாணயம் வரவில்லை

‘சவூதி தலைமையில் டி-8 முஸ்லிம் நாடுகள் டாலரைக் கைவிட்டு ஒரே நாணயத்துக்கு மாறிவிட்டன’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு. அந்தச் செய்தியுடன் வரும் படத்தில் முதலில் இருக்கும் சவூதிக் கொடியே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. டி-8 என்பது வளரும் நாடுகள் சில சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு; சவூதி அதில் உறுப்பினரே இல்லை.

துருக்கிப் பிரதமராக இருந்த நெஜ்மெத்தின் எர்பகானின் முயற்சியில் 1997 ஜூன் 15 அன்று இஸ்தான்புல்லில் தொடங்கியது டி-8. வங்கதேசம், எகிப்து, இந்தோனேசியா, ஈரான், மலேசியா, நைஜீரியா, பாகிஸ்தான், துருக்கி என எட்டு நாடுகள்; 2024 டிசம்பரில் அஜர்பைஜானும் சேர்ந்தது. 2006 பாலி மாநாட்டில் கையெழுத்தானது, குறிப்பிட்ட பொருள்களுக்கு இறக்குமதி வரியைக் குறைக்கும் ஒப்பந்தம்தான். மலேசியாவின் ரிங்கிட்டும் துருக்கியின் லிராவும் அப்படியே புழங்குகின்றன.

டி-8 செயலகத்தின் இணையதளத்தில் உறுப்பினர் பட்டியலை நீங்களே பார்க்கலாம். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.