‘கேட்கட்’ பூனைக் குடல் அல்ல

பழைய வயலின், லூட் (வீணை போல மீட்டும் பழைய ஐரோப்பியக் கருவி) ஆகியவற்றின் தந்திகள் பூனைக் குடலில் செய்யப்பட்டவை என்று சொல்வதுண்டு. அந்தத் தந்திக்கு ஆங்கிலத்தில் ‘கேட்கட்’ (catgut) என்று பெயர்; ‘கேட்’ பூனை, ‘கட்’ குடல் என்று பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஐரோப்பியப் பட்டறைகள் பயன்படுத்தியது பெரும்பாலும் ஆட்டுக் குடல், அதிலும் செம்மறி.

ஆடு அறுத்த சூட்டோடு குடலை எடுத்து அலசி, உட்சளியும் கொழுப்பும் போகச் சுரண்டுவார்கள். பிறகு சாம்பல் காரநீரில் சில நாள் ஊறல். காரத்தை நாளுக்கு நாள் சிறிது கூட்டுவார்கள். எடுத்த எடுப்பில் காரம் மிஞ்சினால் நார் வெந்து, முறுக்கும்போதே அறுந்துவிடும். ஈரமாகவே பல இழைகளைச் சேர்த்து முறுக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்தி, தேய்த்து, ஆலிவ் எண்ணெய் பூசுவார்கள். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஒரு தந்திப் பட்டறையைப் பார்த்த பிரெஞ்சு வானியலாளர் லாலாந்த் தரும் கணக்கு: வயலினின் மெல்லிய தந்திக்கு 3 குடல், தடித்ததற்கு 7. எல்லாம் ஆட்டுக்குட்டிக் குடல்.

சரிபார்ப்பது எளிது. இன்றும் விற்கும் குடல் தந்தியின் உறையிலோ தயாரிப்பாளரின் தளத்திலோ எந்த விலங்கு என்று பாருங்கள்: ஆடு அல்லது மாடு என்றிருக்கும். உலோகக் கம்பி சுற்றாத, அறுந்த குடல் தந்தித் துண்டு கிடைத்தால் வெதுவெதுப்பான நீரில் இரவு முழுக்கப் போடுங்கள். உப்பி, முறுக்கு தளர்ந்து, தனித்தனி நாடாக்களாகப் பிரியும். வார்னிஷ் பூசியதென்றால் கொஞ்சம் தாமதமாகும். எந்த விலங்கு என்று இது காட்டாது. ஒற்றைக் குடல் இல்லை, பல இழை என்பது தெரியும்.