ஹபிள் படங்களைக் கணக்கு மட்டும் காப்பாற்றவில்லை

"ஹபிள் தொலைநோக்கியின் மங்கல் படங்களைக் கணினியே முழுசாகச் சரிசெய்துவிட்டது, 1993இல் விண்வெளி வீரர்களை அனுப்பியது வீண் செலவு" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இதில் பாதிதான் சரி.

1990இல் ஏவிய ஹபிளின் பெரிய ஆடி, விளிம்பில் சுமார் 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடுதலாகத் தேய்க்கப்பட்டுத் தட்டையாகிவிட்டது. விண்மீன் ஒளியில் 70 சதவீதம் நடுவில் குவிய வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 15 சதவீதம்தான் குவிந்தது. மீதி சுற்றிலும் சிதறியது. அந்தச் சிதறலின் வடிவம் தெரிந்ததால், ரிச்சர்ட்சன்–லூசி என்ற கணக்கு முறையில், மங்கல் படத்திலிருந்து அசல் படத்தைப் பின்னோக்கிக் கணக்கிட முடிந்தது. கோள்களும் பிரகாசமான விண்மீன்களும் நன்றாகவே தெளிந்தன, மறுக்கவில்லை.

சிக்கல் இரைச்சலில்தான், அதாவது படத்தில் தாறுமாறாகக் கலந்துவிடும் பொய்யான ஒளி அளவுகளில்தான். மங்கல் ஒரு நுண்விவரத்தை நூறில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது என்று வையுங்கள். மீட்க நூறால் பெருக்க வேண்டும். அதோடு கலந்த இரைச்சல் 2 அலகு என்றால் அதுவும் 200 ஆகிவிடும்! லூசி முறையில், ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்றுகளைக் கூட்டிக்கொண்டே போனாலும் வெறும் வானத்தில் இல்லாத புள்ளிகள் முளைக்கும். அதனால்தான் குறிப்பிட்ட சுற்றோடு நிறுத்திவிடுகிறார்கள். தூரத்து கேலக்ஸிகளின் மெல்லிய ஒளியோ இரைச்சலுக்குள்ளேயே மூழ்கிக் கிடந்தது. அதை எந்தச் சமன்பாடும் முழுசாக மீட்டுத் தராது.

1993 டிசம்பரில் வீரர்கள் பொருத்திய, ஆடியின் பிழையை ஈடுசெய்யும் காஸ்டார் கருவியும் புதிய கேமராவும்தான் ஒளியை மறுபடி குவித்தன. 1995இன் ஹபிள் டீப் ஃபீல்டு என்ற ஆழ்வானப் படத்தில் சுமார் 3000 கேலக்ஸிகள் தெரிவது அந்தக் கேமராவால். பதிவைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள், பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.