அந்தப் பாட்டைத் தொடாதீர்கள்

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கல்யாண வரவேற்புகளில் மெல்லிசை என்ற பெயரில் நடப்பதை நீங்களும் பல்லைக் கடித்துக்கொண்டு சகித்திருப்பீர்கள். பத்து வருடம் கழித்துப் பார்க்கும் சித்தப்பாவின் காதுக்குள் கத்தி நலம் விசாரித்திருப்பீர்கள். நானும் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டவன்தான். நேற்று முடியவில்லை. பழைய திரைப்பாடகர் பி.பி. ஸ்ரீனிவாஸ் மேல் கை வைத்துவிட்டார்கள்.

அண்ணன் மகனின் வரவேற்பு. அம்மாவுக்கு எண்பது வயது. முன்வரிசையில் உட்கார வைத்திருந்தோம். விருப்பப் பாடல் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று மேடையில் சொன்னதும், என் பேனாவை வாங்கி, மளிகைக்கடை ரசீதின் பின்பக்கத்தில் தன் கையாலேயே எழுதினாள்: ‘காலங்களில் அவள் வசந்தம், பாவமன்னிப்பு, பி.பி. ஸ்ரீனிவாஸ்’. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் சவரம் செய்யும்போது முனகுகிற பாட்டு அது. கன்னத்தில் சோப்பு நுரை, கையில் ரேசர், வார்த்தை பாதி முனகல் பாதி. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அம்மா அந்தப் பாட்டை எதற்குக் கேட்டாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏழரை மணிக்குச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாடகர் பார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எட்டு மணி ஆயிற்று. எட்டரை ஆயிற்று. தரையும் நாற்காலியும் அதிர அதிர ஒன்பது பாட்டு, நான் எண்ணினேன். ஒவ்வொன்று முடியும்போதும் அம்மா நிமிர்ந்து மேடையைப் பார்ப்பாள், பிறகு மடியைப் பார்ப்பாள். ஒன்பதேகாலுக்கு அந்தச் சீட்டு வெளியே வந்தது. வந்ததும் அவர் அறிவித்தது என்ன தெரியுமா? “அடுத்து ஏ.எம். ராஜா அவர்களின் இனிய பாடல்!”

கையில் சீட்டு இருக்கிறது. அதில் பெயர் இருக்கிறது. எண்பது வயதுக் கை நடுங்கி எழுதிய பெயர். அதைப் படிக்கக்கூட மனம் வரவில்லை. இரண்டு பேருமே ஜெமினி கணேசனுக்குப் பாடியவர்கள், அவ்வளவுதான் ஒற்றுமை. ஏ.எம். ராஜா பெரிய கலைஞர். 1959இல் ‘கல்யாணப் பரிசு’ படத்துக்கு அவரே இசையும் அமைத்தார்; அந்தப் பாட்டுகளைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும். அவருடையது இழை மெலிந்த குரல், இழுத்தால் அறுந்துவிடுமோ என்று நாம் பயப்படுகிற குரல். ஸ்ரீனிவாஸின் குரலுக்குக் கனம் உண்டு, ஆனால் அந்தக் கனம் நம் மேல் இறங்காது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத காதை வைத்துக்கொண்டு எப்படி ஐயா மேடை ஏறுகிறீர்கள்?

பெயரோடு விட்டிருந்தால் மன்னித்திருப்பேன். பல்லவி தொடங்கும் முன்பே ரிதம் பேட் இடி இடித்தது. கீபோர்டுக்காரர் சுருதியை ஏற்றிவிட்டார். பாடகருக்குக் கீழே இறங்க வரவில்லை. அந்தப் பாட்டின் உயிரே கீழ் ஸ்தாயியில் இருக்கிறது. அங்கே இறங்க முடியாதவர் அதைத் தொடவே கூடாது. ஒலிக்காரர் தன் பங்குக்கு எக்கோவைத் திருகினார். ‘வசந்தம்’ என்ற சொல் மண்டபத்தின் பின்சுவர் வரை போய்த் திரும்பி வந்து அடுத்த அடியின் தலையில் இடித்தது. இரண்டாவது அடிக்கே பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டி, “எல்லாரும் சேர்ந்து, கை தட்டி!” என்றார். கை தட்டவா? தாலாட்டுக்கும் தென்றலுக்கும் ஒரு பெண்ணை ஒப்பிடுகிற பாட்டு அது. ‘மாதங்களில் நான் மார்கழி’ என்று கீதையில் கண்ணன் சொல்கிற தொனியை எடுத்து, மனைவியையோ காதலியையோ நினைத்துக்கொண்டு எவனும் பாடலாம் என்று கண்ணதாசன் நம் கையில் கொடுத்துவிட்டுப் போனது. அதற்குக் கை தட்டித் தாளம் போடச் சொல்கிறார். பிறகு ஒரு சரணத்தை அப்படியே விழுங்கிவிட்டு, அதே வேகத்தில் வேறொரு குத்துப்பாட்டுக்குள் தாவிவிட்டார். முடிந்தது. அம்மாவின் பாட்டு மொத்தம் ஒன்றரை நிமிடம்.

என்னால் உட்கார முடியவில்லை. இடைவேளையில் மேடைக்குப் பின்னால் போய்க் கேட்டேன். குழுவின் பொறுப்பாளர் சிரித்தார். “பழைய மாதிரியே பாடினால் கூட்டம் தூங்கிவிடும் சார்” என்றார்.

தூங்கிவிடுமா? சினிமாவில் வாய்ப்புக் கிடைக்காமல், சென்னையே வேண்டாம், ஊருக்கே போய்விடுவோம் என்று மூட்டை கட்டிய இளைஞர் ஒருவர், புதிதாக என்ன பாட்டுப் பாடினீர்கள் என்று ஸ்ரீனிவாஸிடம் கேட்டார். ஸ்ரீனிவாஸ் ‘மயக்கமா கலக்கமா’ பாடிக் காட்டினார். 1962இல் வந்த ‘சுமைதாங்கி’ படப் பாட்டு. அந்த இளைஞர் மூட்டையை அவிழ்த்தார். அவர்தான் பாடலாசிரியர் வாலி. மேடை மேடையாக அவரே இதைச் சொல்லியிருக்கிறார். தாளக்கருவிகள் எதுவும் வேண்டியிருக்கவில்லை; பக்கத்தில் உட்கார்ந்து மெல்லச் சொல்லும் ஒரு குரல் ஒரு வாழ்க்கையைத் திருப்பியிருக்கிறது. ‘பார் மகளே பார்’ படத்தில் டி.எம். சௌந்தரராஜனின் சிம்மக் குரலுக்குப் பக்கத்தில் நின்று பாடியிருக்கிறாரே, அங்கே அமுங்கியா போனார்? சௌந்தரராஜன் குமுறுகிறார், இவர் அதே துக்கத்தை உள்ளே வாங்கிக்கொண்டு பாடுகிறார். எந்தக் குரலில் கண்ணீர் அதிகம் என்று என்னால் இன்று வரை சொல்ல முடியவில்லை.

மைக் எதற்கு வந்தது? கத்தாமல் பாடுவதற்கு. கூத்தும் நாடகமும் நடந்த காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று எட்டுக் கட்டையில் பாடினார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லை. மைக் வந்த பிறகுதான் மூச்சைக்கூடப் பாட்டாக்க முடிந்தது. அதைத் தமிழில் முழுதாகப் புரிந்துகொண்டவர் ஸ்ரீனிவாஸ். ‘ராமு’ படத்தில் நிலவைப் பார்த்து நெருங்காதே என்று சொல்லும் அந்தப் பாட்டை இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். தலையணைக்குப் பக்கத்தில் யாரோ பேசுகிற மாதிரி இருக்கும்.

அவரை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். கதீட்ரல் சாலையில் இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிற இடத்தில் அன்று உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது. தலைப்பாகை, சட்டைப் பையில் வரிசையாகக் கலர் கலராகப் பேனாக்கள், எதிரே காபி. எழுதிக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பேசக் கூச்சமாக இருந்தது, திரும்பி வந்துவிட்டேன். 2008இல் அந்த உணவகத்தை மூடினார்கள். 2013 ஏப்ரலில், தமிழ்ப் புத்தாண்டு அன்று, அவரும் போய்விட்டார். போய் ஒரு வணக்கம் சொல்லியிருக்கலாம். அது இன்னும் உறுத்துகிறது.

மேடைக்குப் பின்னாலிருந்து திரும்பி வந்தபோது அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். “நல்லாத்தான் பாடினார்” என்றாள். யார் மனமும் நோகக் கூடாது அவளுக்கு. “வா, சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.”

பந்திக்குப் போனோம். அங்கே நடந்ததை யாரிடம் போய்ச் சொல்ல? அம்மாவுக்குப் பல் இல்லை, மெதுவாகத்தான் சாப்பிடுவாள். சாம்பார் சாதம் பாதி இருக்கும்போதே அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் வந்து நின்றுவிட்டது. ரசம் வருவதற்குள் மேசையில், அவள் இலைக்குப் பக்கத்தில், ஒரு கைப்பையை வைத்து இடம் பிடித்தார்கள். அந்தப் பையின் வார் இலையில் கிடந்தது. அம்மா அதை ஒரு விரலால் மெல்ல நகர்த்திவிட்டு, பாயசம் வேண்டாம் என்று சொல்லி எழுந்துவிட்டாள்.