பிரெடா ஓவியம் நேரில் கண்டு வரைந்ததல்ல

ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸின் 'பிரெடாவின் சரணடைவு' ஓவியத்தைப் பற்றி, "வெலாஸ்கெஸ் களத்தில் நின்று பார்த்ததை அப்படியே வரைந்தார்" என்று நீங்கள் எழுதியிருப்பது சரியல்ல நண்பரே. நெதர்லாந்து நகரமான பிரெடா ஸ்பெயின் படையிடம் சரணடைந்தது 1625இல். ஓவியம் 1635 வாக்கில், மாட்ரிட் அரண்மனை மண்டபத்தில் அரசரின் வெற்றிகளைக் கொண்டாடும் வரிசைக்காகத் தீட்டப்பட்டது. வெலாஸ்கெஸ் பிரெடாவுக்குப் போனதே இல்லை. ஸ்பெயின் படைத் தளபதி ஸ்பினோலாவை மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும், 1629இல் அவரோடுதான் கடல்வழியே இத்தாலி போனார். நகரச் சாவியை நீட்டிக் குனியும் டச்சுத் தளபதி நசாவின் தோளில் ஸ்பினோலா கை வைத்து நிறுத்துவதைக் கவனியுங்கள். வென்றவரின் பெருந்தன்மையைக் காட்டவே அமைத்த காட்சி அது. மாதக்கணக்கில் பட்டினி போட்டுப் பணியவைத்த முற்றுகை, பின்னணியில் வெறும் புகையாகத்தான் தெரிகிறது! அகழிகளையும் முகாம்களையும் பார்க்க விரும்பினால், அச்சோவியர் ஜாக் கல்லோவின் பெரிய முற்றுகை அச்சுப்படத்தைத் தேடுங்கள்.