புகார் வந்தால்தான் விழித்துக்கொள்ளும் ஒலி விதிகள்

ஒலி மாசைக் குறைக்க அரசு எதுவுமே செய்யவில்லை என்று குறை கூறுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு விதித்துள்ளன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்வு தரலாம்.

ஆனால் இவ்விதிகள் நடைமுறையில் உயிர்பெறுவது யாராவது புகார் கொடுத்தால்தான். தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துச் சிற்றூரில் ஆடி மாதத் திருவிழாவின்போது அந்தப் புகாரை யார் கொடுப்பார்? கோயிலுக்குத் தலைக்கட்டு வரி கொடுத்தவர், விழாக் குழுவினருக்கு மாமன் மச்சான் முறை ஆகிறவர், மறுநாள் அதே தெருவில் நடக்க வேண்டியவர், வீட்டில் இதய நோயாளி படுத்திருந்தாலும் காவல் நிலையத்தை அழைக்கத் தயங்கத்தான் செய்வார். கூம்பு ஒலிபெருக்கிகளைக் கட்டக் கூடாது என்ற அறிவிப்புகளுக்குப் பிறகும் அவை வேப்பமரத்தில் ஏறிவிடுகின்றன.

டெசிபல் கணக்கு நம் கண்ணை ஏமாற்றக்கூடியது. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. ஆகவே 55-க்கும் 85-க்கும் உள்ள வேறுபாடு ஆயிரம் மடங்கு. உட்செவியின் மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. தூக்கம் கெடுவதும் இரத்த அழுத்தம் கூடுவதும் தனி.

விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தை இவ்விதிகள் நெருக்குகின்றன என்பது உண்மைதான், அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆயினும் மைக் வருவதற்கு முன்பே ஊர் முழுதும் திரண்டு கேட்ட கலை அது. கூத்துப் பார்க்க வராதவர் வீட்டை நோக்கி ஒலிபெருக்கிக் குழாயைத் திருப்பி வைப்பதற்கும் கலைக்கும் தொடர்பில்லை.

என் கருத்தில், கட்டுப்பாடு தொடங்க வேண்டிய இடம் மைக்செட் கடை. ஒரு வட்டத்தில் திருவிழாக்கள் ஏராளம், மைக்செட் உரிமையாளர்களோ எண்ணிவிடக்கூடியவர்கள். அனுமதிக் கடிதத்தில் எத்தனை பாக்ஸ், எத்திசை, எத்தனை மணி வரை என்று குறித்து, விழாக் குழுவோடு அவரிடமும் கையொப்பம் பெறலாம். பொது இடத்தின் எல்லையில் ஒலி எவ்வகையிலும் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று விதியிலேயே இருப்பதால், காவல் நிலையத்துக்கு ஓர் ஒலிமானி கொடுத்து, ரோந்துக் காவலரே புகாருக்குக் காத்திராமல் அளந்து பார்க்கச் செய்யலாம். மைக்செட் உரிமையாளருக்குப் பிழைப்புக் கெடும் என்று சிலர் சொல்லக்கூடும். உண்மையில், சத்தத்தைக் கூட்டச் சொல்லி நெருக்கும் இளைஞர்களிடம், "செட்டைப் பறிமுதல் செய்துவிடுவார்கள், தம்பி" என்று சொல்லித் தப்பிக்க அவருக்கும் அந்தக் கையொப்பம் ஒன்றே வழி.